தள்ளுவண்டியில் இருந்தவனின் குளிர்

மார்கழி விடுமுறையில் சிறு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஐரோப்பாவுக்குப் போகலாமா என்று நண்பர் ஒருவர் சில வாரங்களாக என்னைக் கேட்டு வருகிறார். அவருடைய தமையனார் சுவிற்சர்லாந்தில் இருக்கிறார். விமானச் சீட்டுக்குப் பணம் அனுப்புவதாகவும் சொல்லியிருக்கிறார். பாடசாலைக்கு நீண்ட விடுமுறை கிடைப்பதும் மார்கழியிலேதான். நண்பரின் மனைவியார் மட்டும், "அந்தக் குளிருக்குள் குஞ்சு குருமன்களைக் கொண்டுபோய் என்ன செய்யப் போகிறோம்?" என்று தயங்குகிறாராம்.

போகலாம் என்பதே என் விடை. ஆனால் அந்த விடையைச் சொல்லும் தகுதி எனக்கு வந்த வழி அத்தனை பெருமைக்குரியதன்று. நண்பரிடம் வாயால் சொல்லக் கூச்சமாயிருந்தமையால், இவ்வாரம் இப்பகுதியிலேயே எழுதிவிடத் துணிந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், சூரிச் நகரில் வாழும் மச்சாள் வீட்டுக்கு நாங்கள் நால்வரும் போயிருந்தோம். மூத்தவளுக்கு அப்போது ஒன்பது வயது, இளையவனுக்கு மூன்றரை. அங்கே ஒரு கிழமை தங்கியபின், நத்தாரை ஒட்டி ஐந்து நாட்கள் வியன்னாவைப் பார்த்து வருவதென்று நான் தீர்மானித்தேன். "நான்" என்று ஒருமையில் எழுதுவது காரணத்தோடுதான். மனைவிக்கு மச்சாள் வீட்டு அடுப்படியை விட்டுப் போக மனமில்லை. மச்சாளோ எங்கள் பெட்டியில் ஒரு சிறு பை அரிசியும் கொஞ்சம் பருப்பும் வைத்துக் கட்டினார். "நத்தாருக்கு அங்கே ஈ காக்கையும் வெளியில் இராது, வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். ஐரோப்பியத் தலைநகர் ஒன்றுக்கு அரிசி கொண்டு போவதா என்று நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

சூரிச்சிலிருந்து வியன்னாவுக்குப் புகையிரதத்தில் ஏறக்குறைய எட்டு மணி நேரம். சிறு பிள்ளைகளோடு எட்டு மணி நேரமா என்று அஞ்ச வேண்டாம். விமான நிலையத்தில் சப்பாத்தைக் கழற்றியும் மாட்டியும் வரிசையில் நிற்பதைவிட இது எவ்வளவோ மேல். பிள்ளைகள் எழுந்து நடக்கலாம். மலசலகூடம் அருகில் இருக்கிறது. குடும்பங்களுக்கென்று ஒதுக்கிய பெட்டியில் பிள்ளைகள் படம் பார்க்க ஒரு மூலையும் உண்டு. வண்டி ஒஸ்திரியாவுக்குள் நுழைந்து ஆர்ல்பேர்க் மலையை நோக்கி ஏறத் தொடங்கியதும் இருபுறமும் வெண்பனி. கூரை, வேலி, மரம், மாட்டுத் தொழுவம் எல்லாம் வெள்ளை. 1884ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பத்துக் கிலோமீற்றருக்கும் மேற்பட்ட சுரங்கத்துக்குள் வண்டி நுழைந்து வெளிவந்தபோதும் அதே வெள்ளை. சூரிச்சில் அவ்வாரம் முழுவதும் மழையையே கண்டிருந்த பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றனர். "தொட வேண்டும்" என்றான் இளையவன். "வியன்னாவில் இறங்கியதும் தொடலாம்" என்று வாக்குக் கொடுத்தேன்.

வியன்னாவில் பனி இல்லை. அந்நகரம் அல்ப்ஸ் மலைத்தொடர் கிழக்கே தாழ்ந்து முடியும் இடத்தில், தன்யூப் நதிக் கரையில், தாழ்நிலத்தில் அமைந்தது. மலையில் பனியாக விழுவது அங்கே பல நாட்களில் மழையாகவே விழும். பழைய அஞ்சலட்டைகளில் காணும் வெள்ளை நத்தார், வெப்பம் ஏறிவரும் இக்காலத்தில் அந்நகரத்தாருக்கே அரிதாகிவிட்டது. வெறும் ஈரத் தெருவும், சாம்பல் நிற வானமும், சதா வீசும் காற்றுமே எங்களை வரவேற்றன. "பனி எங்கே அப்பா?" என்று அன்றிரவு மட்டும் எத்தனை முறை கேட்டான் என்று நான் எண்ணவில்லை.

ஆனால் அந்தக் காற்றை நான் எண்ணியிருக்க வேண்டும். வெப்பமானி பூச்சியத்துக்கு மேல் இரண்டு, மூன்று பாகை என்று காட்டினால் நம்மவர்கள், "நுவரெலியாவைவிடக் கொஞ்சம் கூட" என்று நினைத்துக்கொள்கிறோம். நுவரெலியாவின் குளிர் விடியற்காலையில் வந்து வெயிலோடு போய்விடும். வியன்னாவின் மார்கழிக் குளிருக்கு வெயில் என்ற எதிரியே இல்லை. காலை ஏழே முக்கால் மணியளவில் வெளிச்சம் வரும். மாலை நான்கு மணிக்குச் சூரியன் போய்விடும். இடைப்பட்ட நேரத்திலும் மேகம் மூடியிருந்தால் அது இருந்தும் இல்லாததே.

இத்தனை குறுகிய பகலுக்கு நான் போட்டிருந்த பட்டியல் நீண்டது. புனித ஸ்தேவான் பேராலயத்தின் தெற்குக் கோபுரம் 136 மீற்றர் உயரம். அதில் 343 படிகள் ஏறலாம் என்று படித்திருந்தேன். பழைய மதிலை இடிக்கும்படி சக்கரவர்த்தி பிரான்ஸ் யோசப் 1857இல் ஆணையிட்டு, அவ்விடத்தில் அமைத்த றிங் வீதியை முழுவதும் கால்நடையாகச் சுற்ற வேண்டும். பிராட்டர் மைதானத்தில் 1897இல் எழுப்பிய இராட்டினச் சக்கரத்தில் ஏற வேண்டும். செலவழித்த பணத்துக்குக் கணக்குக் கேட்பவன் போல நான் பட்டியலை வைத்துக்கொண்டு நடந்தேன்.

கோபுரத்தில் எழுபதாவது படியோ எண்பதாவது படியோ தெரியாது, இளையவன் சுழற்படியில் உட்கார்ந்துவிட்டான். அவனைத் தோளில் போட்டுக்கொண்டு, மேலிருந்து இறங்குவோருக்கு வழிவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டு கீழே வந்தேன். இராட்டினச் சக்கரம் நல்லது. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஏறக்குறைய 65 மீற்றர் உயரம் போகிறது. திறந்த ஆசனமன்று, யன்னல் வைத்த சிறு அறை. மிக மெதுவாகவே சுழலும். 1944இல் போரில் எரிந்து, 1947இல் மறுபடி சுழன்றபோது முப்பது அறைகளுக்குப் பதில் பதினைந்தையே தொங்கவிட்டார்களாம். மூத்தவள் அந்தக் கணக்கைக் கேட்டுவிட்டு, இடைவெளிகளை எண்ணிச் சரி பார்த்தாள்.

இரண்டாம் நாள், அதாவது 23ஆம் திகதி மாலை, நான் தவறு செய்தேன்.

நாடக சங்கீத மண்டபத்திலிருந்து நகரமண்டபம் வரை றிங் வீதியில் நடந்தோம். ஒன்றரைக் கிலோமீற்றர் இருக்கும். மூத்தவள் தாயோடு நடந்தாள். இளையவன் தள்ளுவண்டியில் இருந்தான், நான் தள்ளினேன். காற்று எதிரே வந்தது. அரைவழியில் எனக்கு வெயர்த்து, மேற்சட்டையின் பொத்தானைக் கழற்றிவிட்டேன். "குளிர் பழகிவிட்டது" என்று பெருமையாகவும் சொன்னேன். நகரமண்டபத்தின் முன்னுள்ள நத்தார்ச் சந்தையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றோம். வறுத்த கஸ்கொட்டை, இஞ்சிப் பணியாரம், கண்ணாடிக் குண்டுகள், மரங்களில் தொங்கும் விளக்குகள். ஆவி பறக்கும் பானங்களை வண்ணக் குவளைகளில் ஊற்றிக் கொடுத்தார்கள். குவளைக்குத் தனியே பணம் கட்டி, திருப்பிக் கொடுக்கும்போது வாங்கிக்கொள்ளலாம். பெற்றோர் கவனிக்க வேண்டியது ஒன்று: பெரியவர்களுக்கான சூடான வைன் பானமும் பிள்ளைகளுக்கான பழரச பானமும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். "கிண்டர்புன்ஷ்" என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

இளையவன் சத்தமின்றி இருந்தான். நல்ல பிள்ளையாய் இருக்கிறான் என்று நினைத்தேன்.

திரும்புகையில் ட்ராம் வண்டியில் ஏறினோம். என் தகப்பனார் சிறுவயதில் கொழும்பில் ஏறிய ட்ராம் வண்டியை 1960இல் நாம் இழந்துவிட்டோம்; வியன்னாவில் அதை இன்றும் கண்ணாய்ப் பாதுகாக்கிறார்கள். எதிரே இருந்த மூதாட்டி ஒருவர் இளையவனைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து வந்து, எங்களிடம் ஒரு வார்த்தை கேளாமல், அவன் கையுறைகளை உருவினார். கையுறைகள் நனைந்திருந்தன. அவன் அவற்றைச் சூப்பும் வழக்கமுள்ளவன், எங்களுக்கு அது தெரியும், தெரிந்தும் பார்க்கவில்லை. விரல்கள் மெழுகுபோல் வெளுத்திருந்தன. மூதாட்டி தம் விரலை அவன் பிடரியில் வைத்துப் பார்த்தார். என் மனைவியின் மேற்சட்டையைத் திறக்கச் சொல்லிச் சைகை காட்டி, பிள்ளையின் இரு கைகளையும் தாயின் கமுக்கட்டுக்குள் வைத்தார். நான் தேய்த்துவிடக் கையை நீட்டினேன், அக்கையைத் தட்டிவிட்டார். அதன்பின் என்னைப் பார்த்து நீண்ட நேரம் பேசினார். அவர் பேசிய ஜேர்மன் மொழி எனக்கு விளங்கவில்லை. ஏச்சு என்பது மட்டும் நன்றாய் விளங்கியது.

விரல்களில் சிவப்பு ஏறியபோது பிள்ளை வீரிட்டு அழுதான். அதைக் கேட்டுத்தான் மூதாட்டி தம் இடத்துக்குத் திரும்பினார். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

நான் எண்ணிப் பாராதது இதுதான். வண்டியைத் தள்ளுபவன் அடுப்பு எரிவதுபோல் உடம்பில் வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டே போகிறான். வண்டிக்குள் இருப்பவன் கை கால் அசையாமல் இருக்கிறான். அவனுக்குள் அந்த அடுப்பு எரிவதில்லை. அன்றியும் சிறு பிள்ளையின் உடலில், நிறையோடு ஒப்பிடும்போது தோலின் பரப்பு பெரியவர்களுடையதைவிடக் கூடுதல். ஆகவே வெப்பம் விரைவாக வெளியேறும். தகப்பனுக்கு வெயர்க்கும் அதே வீதியில் மகன் உறையலாம். பெற்றோர் தம் உடம்பை வெப்பமானியாகக் கொள்வது மிகப் பெரிய மடைமை என்பதை ஒரு ட்ராம் வண்டி முழுவதும் பார்த்திருக்க நான் கற்றுக்கொண்டேன். சிறு குழந்தை குளிர்கிறது என்று சொல்லாது. முதலில் சிணுங்கும், பிறகு பேசாமலிருக்கும். அந்தப் பேசாமையைத்தான் நான் நற்குணம் என்று எடுத்துக்கொண்டேன்.

அன்று முதல் நாங்கள் கைக்கொண்டவற்றை நண்பருக்காகச் சொல்கிறேன். அரை மணிக்கொரு முறை பிடரியைத் தொட்டுப் பார்த்தோம். விரல் நுனி சிலவேளை சும்மாவும் குளிர்ந்திருக்கும், பிடரி பொய் சொல்லாது. வண்டியிலிருந்து அவனை அடிக்கடி இறக்கி நடக்கவிட்டோம். பையில் எப்போதும் இரண்டாவது சோடிக் கையுறை வைத்திருந்தோம். விரல் விரலாய்ப் பிரிந்ததன்று, நான்கு விரலும் ஒன்றாய்க் கிடக்கும் பை போன்றது. உள்ளே பருத்திச் சட்டையை விட்டுக் கம்பளியைப் போட்டோம். பருத்தி நனைந்தால் எளிதில் காயாது, உடம்போடு ஒட்டிக் குளிரூட்டும். சப்பாத்துக்குள் இரண்டு மேசு திணித்தால் சூடு கூடும் என்று எண்ணுவதும் பிழை. கால் இறுகினால் இரத்தோட்டம் குறைந்து மேலும் குளிரும். அந்நாட்டார் உடுப்பை வெங்காயத் தோல்போல் அடுக்கடுக்காய்ப் போட வேண்டும் என்பார்கள். அடுக்குப் போடுவதைவிட, உள்ளே நுழைந்ததும் அதைக் கழற்றுவதே பெரிய வேலை. கடைகளும் வண்டிகளும் நன்றாகச் சூடேற்றப்பட்டவை. அங்கே வெயர்த்த பிள்ளை அந்த ஈரத்தோடு வெளியே வந்தால் மறுபடியும் குளிர்தான்.

மறுநாள் 24ஆம் திகதி காலை இளையவனுக்குக் காய்ச்சல்.

ஒஸ்திரியாவில் நத்தாரின் சிறப்பெல்லாம் 24ஆம் திகதி மாலையில்தான். அன்று பிற்பகல் இரண்டு மணியோடு கடைகள் பூட்டப்படும். 25ஆம், 26ஆம் திகதிகள் பொது விடுமுறை. நாங்களோ சமையலறையுள்ள சிறு வீடொன்றை வாடகைக்கு எடுத்திருந்தும், பாண், பால், சொக்கலேற் தவிர ஒன்றும் வாங்கி வைக்கவில்லை. பிள்ளையோடு மல்லாடி நான் வெளியே வந்தபோது மூன்று மணி. வீதி முழுவதும் பூட்டிக் கிடந்தது. அருகிலுள்ள மருந்துக்கடையும் பூட்டு. ஆயினும் அங்கே ஓர் ஒழுங்கு உண்டு: இரவிலும் விடுமுறையிலும் மருந்துக்கடைகள் முறை வைத்துத் திறக்கின்றன, பூட்டிய கடையின் வாயிலில் அன்று முறையுள்ள கடையின் முகவரி ஒட்டியிருக்கும். அதைப் பார்த்து நடந்து போய், மணியை அழுத்தினேன். கதவிலுள்ள சிறு சாளரம் திறந்தது.

உள்ளிருந்த பெண் மருந்தாளர் ஆங்கிலத்தில் முதலில் கேட்டது, "பிள்ளையின் நிறை என்ன?" என்பது. காய்ச்சல் மருந்தின் அளவு நிறையைக் கொண்டே கணிக்கப்படும். என் மகனின் நிறை எனக்குத் தெரியவில்லை. தொலைபேசியில் மனைவியைக் கேட்டேன்; சுகாதார அட்டை கொழும்பு வீட்டு அலுமாரியில் இருந்தது. சூரிச் விமான நிலையத்தில் பெட்டி நிறுத்த தராசு நினைவுக்கு வந்தபோது சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. மூத்தவள்தான், மச்சாள் வீட்டுத் தராசில் தம்பி ஏறி விளையாடியபோது பதினான்கு கிலோ காட்டியதை நினைவு வைத்திருந்தாள். நண்பரே, பிள்ளைகளின் நிறையை ஒரு தாளில் எழுதிக் கடவுச்சீட்டுக்குள் வையுங்கள். மருத்துவ வண்டிக்கு அந்நாட்டில் 144, மருத்துவ ஆலோசனைக்கு 1450 என்ற இலக்கங்களையும் அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

நேற்றைய குளிரால்தான் காய்ச்சல் வந்ததா என்று நான் கேட்டேன். இல்லை, காய்ச்சலைக் கொண்டுவருவது கிருமி. சில நாட்களுக்கு முன் எங்கோ கூட்டத்தில் தொற்றியிருக்கும் என்றார். தண்ணீர் நிறையக் கொடுக்கச் சொன்னார். வியன்னாவில் குழாய்த் தண்ணீரையே கொடுக்கலாம். 1873 முதல் அல்ப்ஸ் மலை ஊற்றுகளிலிருந்து நீரைக் குழாய் வழியே கொண்டுவருகிறார்கள். அவர் சொன்னது எனக்கு ஆறுதலாயிருந்தது. ஆயினும் வீடு திரும்பும் வழியெல்லாம் அந்த வெளுத்த விரல்களே கண்முன் நின்றன.

அன்றிரவு மச்சாளின் அரிசி அடுப்பில் ஏறியது. சூரிச்சில் சிரித்தவன் வியன்னாவில் கஞ்சி கிண்டினேன். இளையவன் அரைக் கோப்பை குடித்தான். நாங்கள் மூவரும் சோறும் பருப்பும் உண்டோம். ஆறு மணியளவில் அடுத்த வீட்டில் ஒரு சிறு மணி ஒலித்தது. பிறகு பாட்டுக் கேட்டது. அந்நாட்டுப் பிள்ளைகளுக்குப் பரிசு கொண்டு வருபவர் நத்தார் தாத்தா அல்லர், குழந்தை இயேசு என்பது நம்பிக்கை. மரத்தை மறைவாய் அலங்கரித்து வைத்து, மணி ஒலித்த பின்னரே கதவைத் திறந்து பிள்ளைகளை உள்ளே விடுவார்கள். மூத்தவள் சுவரில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். வியன்னாவில் அவளுக்கு மிகவும் பிடித்தது எது என்று இன்று கேட்டாலும் அந்தச் சுவரைத்தான் சொல்கிறாள்.

25ஆம் திகதி முழுவதும் வீட்டிலேயே இருந்தோம். பட்டியலை எடுத்துப் பெட்டியின் அடியில் வைத்தேன். றிங் வீதி ஓரத்தில் 1889இல் திறந்த இயற்கை வரலாற்று நூதனசாலை உண்டு; பத்தொன்பது வயதுக்குட்பட்டோருக்குக் கட்டணமில்லை. பெரிய விலங்குகளின் எலும்புக்கூடுகளும், விண்கற்களும், 1908இல் வில்லென்டோர்வ் என்ற ஊரில் கிடைத்த, ஒரு சாண் நீளமும் இல்லாத கற்காலப் பெண் சிலையும் அங்கே இருக்கின்றன. குளிர்காலத்தில் பிள்ளைகளோடு போகிறவர் முதல் நாளே போக வேண்டிய இடம் அது. கோபுரப் படிகளை எண்ணிக்கொண்டு அதைப் பின்னுக்குத் தள்ளினேன். நத்தார் தினத்தில் அதுவும் பூட்டு.

26ஆம் திகதி காய்ச்சல் விட்டது. வருடம் முழுவதும் ஒருநாளும் பூட்டாத ஓர் இடம் ஷென்புறூன் அரண்மனைத் தோட்டத்து மிருகக்காட்சிசாலை. மரியா தெரேசா மகாராணியின் கணவர் 1752இல் அமைத்தது. இன்றும் நடந்துவரும் மிருகக்காட்சிசாலைகளில் உலகிலேயே மிகப் பழையது. பத்து நிமிடம் வெளியில், அரை மணி உள்ளே என்று கணக்கு வைத்தோம். மழைக்காட்டு இல்லம் என்ற கண்ணாடிக் கட்டடத்துள் நுழைந்ததும் மனைவியின் மூக்குக்கண்ணாடி ஆவியால் மூடிக்கொண்டது. ஈர மண் மணம், இலைகளிலிருந்து சொட்டும் நீர், தலைக்கு மேல் பறவைகள். ஐரோப்பாவின் நடுவில் சிங்கராசா வனத்தின் ஒரு துண்டு கிடைத்தது போலிருந்தது. இளையவன் கம்பளிச் சட்டையை உரிந்து என்னிடம் எறிந்துவிட்டு ஓடினான். "இனி வெளியில் போகவேண்டாம்" என்றான். அங்கிருந்து இரண்டு மணி நேரம் நாங்களும் அசையவில்லை.

அரண்மனை முன்றிலில் நத்தார்க் கடைகள் இன்னும் இருந்தன. அங்கே ஒரு கண்ணாடி உருண்டை வாங்கினேன். உள்ளே ஒரு சிறு தேவாலயம். குலுக்கினால் பனி கொட்டும். இந்த உருண்டை வியன்னாவிலேயே பிறந்தது என்கிறார்கள். 1900ஆம் ஆண்டளவில் ஏர்வின் பேர்சி என்ற சத்திரசிகிச்சைக் கருவி செய்பவர், மின்விளக்கின் ஒளியைக் கூட்டுவதற்குத் தண்ணீர் நிரப்பிய உருண்டையில் ஏதேதோ தூளைப் போட்டுப் பார்த்தார். ஒளி கூடவில்லை, தூள் மெல்ல இறங்கியது பனிபோலத் தெரிந்தது. அவர் பரம்பரையினர் இன்றும் அந்நகரில் அதே தொழிலைச் செய்கிறார்கள்.

திரவம் நிறைந்த பொருளாகையால் விமானத்தில் கைப்பைக்குள் வைத்தால் வில்லங்கம் வரும் என்று மச்சாள் சொன்னார். இம்முறை நான் சிரிக்கவில்லை. இளையவனின் இரண்டு சோடி மேசுக்குள் சுற்றிப் பெரிய பெட்டியில் வைத்துக் கொழும்புக்குக் கொண்டுவந்தோம். பெட்டியைத் திறந்ததும் அவன் அதை எடுத்துக் குலுக்கினான். கொட்டும் பனியைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "உள்ளே இருக்கிற பிள்ளைக்கு யார் கையுறை போட்டுவிட்டது?" என்று தாயிடம் கேட்டான்.